பிரேக் போட்ட கார்: எனக்கு 32 மீ வருது, விடையில் 50 மீ போட்டிருக்கு. எது சரி?

பதினொண்ணு_பி
மாறா முடுக்கக் கணக்கு ஒன்று. மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகிற கார், பிரேக் பிடித்ததும் 4 மீ/வினாடி² எதிர் முடுக்கத்தில் வேகம் குறைகிறது. பிரேக் பிடித்ததிலிருந்து 8 வினாடியில் எவ்வளவு தூரம் போகும்?

நான் செய்தது: 72 × 5/18 = 20 மீ/வினாடி. எஸ் = யு×டி + ½ஏடி². அதாவது 20×8 − ½×4×64 = 160 − 128 = 32 மீ. பின்பக்க விடையில் 50 மீ என்று இருக்கிறது. மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன், 32தான் வருகிறது. விடை தப்பா அச்சாகியிருக்கா?

(யு தொடக்க வேகம், வி இறுதி வேகம், ஏ முடுக்கம், டி நேரம், எஸ் இடப்பெயர்ச்சி. எழுத்துகளைத் தமிழிலேயே அடிக்கிறேன். விசைப்பலகையை மாற்றி மாற்றி அடித்தால் குழம்புகிறது.)

சரிவகம்
தம்பி, விடை சரிதான். உங்கள் கூட்டல் கழித்தலும் சரிதான். கார்தான் நடுவில் ரிவர்ஸ் எடுத்துவிட்டது.

கார் எப்போது நிற்கும் என்று முதலில் பாருங்கள். 0 = 20 − 4டி, ஆக டி = 5. ஐந்தாவது வினாடி முடியும்போது கார் நின்றுவிட்டது. அதுவரை போன தூரம், சராசரி வேகம் 10, நேரம் 5, ஆக 50 மீ. அதற்குப் பிறகு 3 வினாடியும் கார் அசையாமல் நிற்கிறது. ஆனால் சூத்திரத்துக்கு அது தெரியாது. நீங்கள் டி = 8 என்று கொடுத்ததும், அந்த 4 மீ/வினாடி² முடுக்கம் 8 வினாடியும் வேலை செய்தது என்று எடுத்துக்கொண்டு, நின்ற காரைப் பின்னால் இழுக்கிறது. 3 வினாடியில் பின்னால் போனது ½×4×9 = 18 மீ. 50 − 18 = 32. உங்கள் விடை அப்படியே வந்துவிட்டதா?

இதில் மோசம் என்னவென்றால் 32 பார்ப்பதற்கு நல்ல பிள்ளை மாதிரி இருக்கிறது. கேள்வியில் 12 வினாடி என்று இருந்திருந்தால் 240 − 288 = −48 வந்து, ஏதோ கோளாறு என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். கேள்வி எடுப்பவர்கள் 8 என்று போடுவது சும்மா இல்லை. நீட் மாதிரித் தேர்வில் 32 கண்டிப்பாக நான்கு விருப்பங்களில் ஒன்றாக இருக்கும். சரி என்றால் 4, தப்பு என்றால் கழித்தல் 1.

பதினொண்ணு_பி
அப்போ மேலே எறிந்த பந்துக்கு மட்டும் ஏன் நிற்கிற நேரம் பார்க்காமல் நேரடியா போடுறாங்க? அதுவும் ஒரு இடத்தில் நிற்குதே?

சரிவகம்
நல்ல கேள்வி. பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. ஆனால் புவியீர்ப்பு அங்கேயும் அதே 9.8 தான், அதே கீழ்த்திசைதான். அது உச்சிக்கு முன்னும் பின்னும் மாறவில்லை. அதனால் ஒரே சூத்திரம் மேலே போவதற்கும் கீழே வருவதற்கும் சேர்த்து வேலை செய்யும். பிரேக்கின் உராய்வு அப்படியல்ல. சக்கரம் நகர்கிற வரைக்கும்தான் அது எதிர்க்கும். வண்டி நின்றதும் எதிர்ப்பதற்கு ஒன்றுமில்லை, முடுக்கம் சட்டென்று சுழி. ஆகவே கேட்க வேண்டியது "நின்றதா?" என்பது இல்லை. "நின்ற பிறகும் அதே முடுக்கம் இருக்கிறதா?" என்பதுதான்.

வடமராட்சி_வரைபு
தம்பி, இந்தக் கணக்குக்கு வேக-நேர வரைபை ஒருக்கால் கீறியிருந்தால் பிழை வந்தே இராது. குறுக்கே நேரம், நெடுக்கே வேகம். 20இல் தொடங்கி 5 செக்கனில் நேர அச்சைத் தொடும் ஒரு சரிந்த நேர்கோடு. கீழே கிடைக்கிறது ஒரு முக்கோணி. அதன் பரப்பு ½×5×20 = 50. நீங்கள் அந்தக் கோட்டை அச்சுக்குக் கீழேயும் நீட்டி, 8 செக்கன் வரைக்கும் கொண்டுபோய்விட்டீர்கள். கீழே விழுந்த சின்ன முக்கோணிதான் சரிவகம் சொன்ன அந்த 18.

இங்கே இலங்கையில் உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்கிற பிள்ளைகளுக்கு "வேக-நேர வரைபைப் பரும்படியாக வரைக" என்று வினாவே கேட்கும். கேட்காவிட்டாலும் கீறுங்கள். ஆர்முடுகல் என்றால் கோட்டின் படித்திறன், இடப்பெயர்ச்சி என்றால் பரப்பு. இந்த இரண்டும் வடிவாக விளங்கினால் சூத்திரம் மறந்தாலும் கணக்கு நிற்காது.

பதினொண்ணு_பி
நன்றி அண்ணா. ஆர்முடுகல்னா முடுக்கமா? படித்திறன் சாய்வா?

வடமராட்சி_வரைபு
ஓம், இரண்டும் சரி. அமர்முடுகல் என்றால் உங்களுடைய எதிர் முடுக்கம். ஒன்றில் மட்டும் கவனம்: நாங்கள் "வேகம்" என்று எழுதினால் அது திசையோடு சேர்ந்தது, உங்களுடைய "திசைவேகம்". உங்களுடைய "வேகம்" எங்களுக்குக் "கதி". யாழ்ப்பாணத்துக் குறிப்பை மதுரைப் பிள்ளை பார்த்தாலும், மதுரைக் குறிப்பை இங்கே பார்த்தாலும் இந்த ஒரு சொல்லில் குறி மாறிப்போகும்.

நொடிக்கணக்கு
ஒரு மாற்றுக் கருத்து. ஒரு கேள்விக்கு ஏறத்தாழ ஒரு நிமிடமே கிடைக்கும் தேர்வில் படம் போட்டுக்கொண்டிருக்க முடியாது. ஐந்து எழுத்தை வரிசையாக எழுதி, தெரிந்ததை நிரப்பி, கேட்டதில் கேள்விக்குறி போட்டால் போதும். மூன்று தெரியும், ஒன்று கேட்கிறார்கள், மிச்சம் ஒன்று வேண்டாதது. வேண்டாதது எதுவோ அது இல்லாத சமன்பாட்டை எடுக்க வேண்டியதுதான்:

எஸ் வேண்டாம் என்றால் வி = யு + ஏடி
வி வேண்டாம் என்றால் எஸ் = யு×டி + ½ஏடி²
டி வேண்டாம் என்றால் வி² = யு² + 2ஏ×எஸ்
ஏ வேண்டாம் என்றால் எஸ் = ½(யு + வி)டி
யு வேண்டாம் என்றால் எஸ் = வி×டி − ½ஏடி²

கடைசி இரண்டையும் நம் பிள்ளைகள் மனப்பாடமே செய்வதில்லை. அதனால்தான் இரண்டு வரிக் கணக்கை ஆறு வரி போடுகிறார்கள்.

சரிவகம்
ஐந்து எழுத்துப் பட்டியல் நல்ல பழக்கம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பட்டியல் ஒரே முடுக்கம் உள்ள ஒரு கட்டத்துக்குத்தான் செல்லும். முடுக்கம் மாறும் இடத்தில் அடுத்த பட்டியல் தொடங்க வேண்டும், முந்தையதன் வி இதன் யு. எங்கே வெட்ட வேண்டும் என்று பட்டியல் சொல்லாது, படம் சொல்லும்.

இதைப் பாருங்கள். ஒரு ரயில் நின்ற நிலையிலிருந்து 1 மீ/வினாடி² முடுக்கத்தில் கிளம்பி, அதிகபட்சம் 20 மீ/வினாடி வேகம் எடுத்து, 0.8 மீ/வினாடி² எதிர் முடுக்கத்தில் நிற்கிறது. இரண்டு நிலையங்களுக்கும் இடையே 1200 மீ. குறைந்தபட்ச நேரம்?

வேகம் எடுக்க 20 வினாடி, 200 மீ. நிறுத்த 25 வினாடி, 250 மீ. மிச்சம் 750 மீட்டரை 20இல் போக 37.5 வினாடி. மொத்தம் 82.5 வினாடி. வேக-நேர வரைபில் கிடைக்கும் சரிவகத்தின் பரப்பில் சரிபார்க்கலாம்: ½ × (82.5 + 37.5) × 20 = 1200. பொருந்துகிறது.

இப்போது தூரத்தை மட்டும் 288 மீ என்று மாற்றுங்கள்.

நொடிக்கணக்கு
அதே முறைதானே. 288 − 450 = −162. அதை 20ஆல் வகுத்தால்... −8.1 வினாடி. ஓ.

சரிவகம்
அதேதான். 😀 20 வேகத்தை எட்டி மறுபடி நிற்கவே 450 மீ வேண்டும். 288இல் அந்த வேகத்தைத் தொட இடமே இல்லை. ஆகவே சரிவகம் கிடையாது, வெறும் முக்கோணம். உச்ச வேகம் வி என்றால் வி²/(2×1) + வி²/(2×0.8) = 288. வி² × 1.125 = 288, வி² = 256, வி = 16. ஏறுவதற்கு 16 வினாடி, இறங்குவதற்கு 20 வினாடி, மொத்தம் 36. பரப்பு ½×36×16 = 288.

"அதிகபட்ச வேகம்" என்று கேள்வியில் இருந்தாலே அந்த வேகத்தை எட்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். அது கூரை மட்டும்தான், தலை இடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முதலில் 450ஐக் கணக்குப் போட்டு, கொடுத்த தூரத்தோடு ஒப்பிட்டுவிட்டு அப்புறம் படம் வரையுங்கள்.

(288 மீட்டரில் இரண்டு நிலையம் கட்டினால் ரயிலின் கடைசிப் பெட்டி கிளம்பும்போது முதல் பெட்டி அடுத்த நிலையத்தை எட்டிப் பார்க்கும். கணக்குக்காக விட்டுவிடுங்கள்.)

கீழ்நோக்கிமைனஸ்
குறி விஷயம் யாரும் பேசவில்லையே. பாதிப் பேர் விழுவது அங்கேதான். இதைச் செய்யச் சொல்லுங்கள்: 10 மீ/வினாடி வேகத்தில் நேராக மேலே ஏறிக்கொண்டிருக்கும் பலூனிலிருந்து, தரையிலிருந்து 40 மீ உயரத்தில் ஒரு மணல்மூட்டை நழுவுகிறது. தரையைத் தொட எத்தனை வினாடி? புவியீர்ப்பு முடுக்கம் ஜி = 10.

பதினொண்ணு_பி
நழுவினதுனா யு = 0. 40 = 5டி². டி = √8 = 2.83 வினாடி. சரியா?

கீழ்நோக்கிமைனஸ்
இல்லை. நழுவியது என்றால் பலூன்காரருக்குத்தான் யு = 0. தரையில் நிற்பவருக்கு மூட்டை அந்தக் கணத்தில் பலூனோடு சேர்ந்து 10இல் மேலே போய்க்கொண்டிருக்கிறது. கயிறு அறுந்ததும் அந்த வேகம் எங்கேயும் காணாமல் போகாது. தரையிலிருந்து பார்த்தால் மூட்டை முதலில் இன்னும் 5 மீ ஏறும், அப்புறம்தான் இறங்கும்.

மேல்நோக்கி கூட்டல் என்று ஒருமுறை தீர்மானித்து, தாளின் ஓரத்தில் ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள். பிறகு கணக்கு முடியும் வரை அதை மாற்றக் கூடாது. யு = +10, ஏ = −10, எஸ் = −40. எஸ் என்பது இடப்பெயர்ச்சி, போன தூரம் இல்லை. தொடங்கிய இடத்துக்கு 40 மீ கீழே முடிகிறது, அதனால் −40.

−40 = 10டி − 5டி²
டி² − 2டி − 8 = 0
(டி − 4)(டி + 2) = 0

டி = 4 வினாடி. இரண்டாக வெட்டியும் பார்க்கலாம்: 1 வினாடி மேலே, 5 மீ. பிறகு 45 மீ விழ, 45 = 5டி², 3 வினாடி. மொத்தம் 4. ஆனால் வெட்டாமல் ஒரே வரியில் வருவதை ஏன் வெட்ட வேண்டும்?

தரையில் மோதும் வேகத்துக்கு வி² = 100 + 2×(−10)×(−40) = 900. வி = +30 அல்லது −30. வர்க்கமூலம் திசையைச் சொல்லாது, நாம்தான் சொல்ல வேண்டும். கீழே போகிறது, ஆகவே −30. வி = யு + ஏடி போட்டால் 10 − 40 = −30 என்று குறியோடு நேரடியாக வந்துவிடும்.

இன்னொன்று. "முடுக்கம் மைனஸ், அதனால் வேகம் குறைகிறது" என்று எழுதுவதை விடுங்கள். மூட்டைக்கு 4 வினாடியும் ஏ = −10தான். முதல் வினாடியில் வேகம் குறைகிறது, அடுத்த மூன்றில் கூடுகிறது. திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறி என்றால் கூடும், எதிர்க் குறி என்றால் குறையும்.

பதினொண்ணு_பி
டி = −2 வந்ததை சும்மா தூக்கிப் போட்டுடலாமா? அதுக்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

வடமராட்சி_வரைபு
உண்டு. அந்தச் சமன்பாட்டுக்குப் பலூனைப் பற்றி ஒன்றும் தெரியாது. மூட்டை எந்த நேரங்களில் தரையில் இருந்திருக்கும் என்று மட்டும்தான் அது சொல்லுது. நழுவுவதற்கு 2 செக்கன் முன்னம் தரையிலிருந்து 30 மீ/செக்கனில் மேலே எறியப்பட்ட ஒரு மூட்டையும், 40 மீ உயரத்தில் சரியாக 10 மீ/செக்கனோடுதான் போகும். 30×2 − 5×4 = 40, வேகம் 30 − 20 = 10. அந்தப் பாதையின் தொடக்கம்தான் −2. எங்கள் மூட்டை அப்படி வரவில்லை, பலூனில் ஏறி வந்தது. அதனால் விலக்குகிறோம்.

மூட்டை நிலத்தைத் தொடும்போது பலூன் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்றும் கேட்பார்கள். 40 + 10×4 = 80 மீ. பலூனுக்குச் சார்பாகப் பார்த்தால் மூட்டைக்கு யு = 0, ½×10×16 = 80. தம்பி போட்ட அந்த யு = 0 உண்மையில் பிழையில்லை. அதை 40உடன் சேர்த்ததுதான் பிழை. பலூனைப் பார்த்து வேகம் எடுத்துவிட்டு நிலத்தைப் பார்த்துத் தூரம் எடுத்தது.

பதினொண்ணு_பி
இப்போதான் புரியுது. இன்னொரு சந்தேகம். "3 வினாடியில்", "3ஆவது வினாடியில்" இரண்டுக்கும் தனித்தனி சூத்திரம் சொல்றாங்க. அந்த யு + ½ஏ(2என் − 1) சூத்திரத்தில் (என் = எத்தனையாவது வினாடி) இடது பக்கம் தூரம், வலது பக்கம் வேகம். பரிமாணமே பொருந்தலையே?

நொடிக்கணக்கு
பொருந்தும். அந்த வலது பக்கத்தை "1 வினாடி" என்பது பெருக்கிக்கொண்டிருக்கிறது, 1 என்பதால் எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

அந்தச் சூத்திரமே வேண்டாம், இப்படிச் செய்யுங்கள். மாறா முடுக்கத்தில் ஒரு இடைவெளியின் சராசரி வேகம், அந்த இடைவெளியின் நடு நேரத்தில் இருக்கும் வேகத்துக்குச் சமம். 3ஆவது வினாடி என்றால் 2இலிருந்து 3 வரை. நடு நேரம் 2.5. ஓய்விலிருந்து 2 மீ/வினாடி² என்றால் அப்போது வேகம் 5. ஒரு வினாடிக்கு 5 மீ. முடிந்தது. 3 வினாடியில் மொத்தம் என்றால் 9 மீ.

பெரிய கணக்கிலும் இது பறக்கும். "7ஆவது வினாடியில் 20 மீ, 10ஆவது வினாடியில் 26 மீ போகிறது, யுவும் ஏவும் காண்க." இரண்டு சமன்பாடு எழுதித் தீர்க்க வேண்டாம். 6.5இல் வேகம் 20, 9.5இல் வேகம் 26. 3 வினாடியில் 6 கூடியிருக்கிறது, ஏ = 2. யு = 20 − 13 = 7.

சரிவகம்
ஓய்விலிருந்து தொடங்கினால் அடுத்தடுத்த வினாடிகளின் தூரம் 1 : 3 : 5 : 7 என்று போகும். கலிலியோ 1638இல் அச்சிட்டுக் காட்டியது இதைத்தான். சராசரி வேக விதி அவருக்கும் முந்தியது, 14ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரிக்காரர்கள் சொன்னது. நிக்கோல் ஒரேம் என்ற பிரெஞ்சுக்காரர் அதே நூற்றாண்டில் அதைப் படமாகவே போட்டுக் காட்டினார். நொடிக்கணக்கு அவர்களே, படம் போட நேரமில்லை என்றீர்கள், இப்போது நீங்கள் சொன்ன குறுக்குவழியும் அந்தச் சரிவகத்தின் நடுக்கோடுதான். 😀

நடு நேரத்தையும் நடுத் தூரத்தையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். ரயிலின் முன்முனை ஒரு கம்பத்தை 7 மீ/வினாடியில் கடக்கிறது, பின்முனை 17இல். ரயிலின் நடுப்பகுதி எந்த வேகத்தில் கடக்கும்? 12 என்று எழுதுவார்கள். 12 என்பது நடு நேரத்து வேகம். நடுத் தூரத்துக்கு வி² = (49 + 289)/2 = 169, ஆக 13. வேகம் கூடிக்கொண்டே போவதால் ரயிலின் முதல் பாதி கடக்க அதிக நேரம் எடுக்கிறது. பாதி நேரம் ஆகும்போது பாதி ரயில் இன்னும் கடந்திருக்காது. அதனால் 13, 12ஐ விடப் பெரியது.

கீழ்நோக்கிமைனஸ்
இரண்டு விடையும் கூட்டல் குறியோடு வந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துவிடலாம். நின்ற பஸ் 1 மீ/வினாடி² முடுக்கத்தில் கிளம்புகிறது. 18 மீ பின்னாலிருந்து ஒருவர் 6.5 மீ/வினாடியில் ஓடுகிறார். பிடிப்பாரா?

ஆளும் பஸ்ஸும் ஒரே இடத்தில்: 6.5டி = 18 + ½டி². டி² − 13டி + 36 = 0. டி = 4, 9. இரண்டும் நிஜம். 4இல் ஆள் பஸ்ஸை எட்டுகிறார், அப்போது பஸ்ஸின் வேகம் 4தான். ஏறாமல் ஓடிக்கொண்டே இருந்தால் 9இல் பஸ் அவரைத் தாண்டிப் போகும். கேள்வி "எப்போது பிடிப்பார்" என்றால் 4.

6 மீ/வினாடியில் ஓடினால் டி² − 12டி + 36 = 0, டி = 6 மட்டும். அந்தக் கணத்தில் பஸ்ஸின் வேகமும் 6. கை மட்டும் படும். 5இல் ஓடினால் தன்மைகாட்டி 100 − 144, மெய்யான தீர்வே இல்லை, பஸ் போச்சு. "குறைந்தபட்சம் எந்த வேகத்தில் ஓட வேண்டும்" என்று கேட்டால் தன்மைகாட்டியைச் சுழியாக்குங்கள்.

பதினொண்ணு_பி
முடுக்கம் 6டி என்று கொடுத்தால்? டி = 3 என்று போட்டு 18 எடுத்துக்கலாமா?

சரிவகம்
கூடாது. அது மாறா முடுக்கமே இல்லை. ஓய்விலிருந்து தொடங்கினால் தொகையிட்டு வி = 3டி² = 27, எஸ் = டி³ = 27. நீங்கள் 18ஐப் போட்டால் வி = 54 வரும். சிலர் சாமர்த்தியமாகச் சராசரி 9 எடுப்பார்கள். வேகம் 9×3 = 27 சரியாக வந்துவிடும், அதை நம்பித் தூரத்துக்கும் போட்டால் ½×9×9 = 40.5. தப்பு. சுருள்வில், காற்றுத் தடையோடு விழும் பொருள், "டியைச் சார்ந்த", "வேகத்தைச் சார்ந்த" என்ற சொற்கள் தென்பட்டால் அந்த ஐந்தையும் மூடி வைத்துவிடுங்கள்.

பதினொண்ணு_பி
கடைசியா ஒன்று நானே போட்டேன், பார்த்துச் சொல்லுங்க. மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் போகும் வேன். 30 மீ முன்னால் மாடு. ஓட்டுநர் பிரேக்கில் கால் வைக்க 0.6 வினாடி, அப்புறம் எதிர் முடுக்கம் 5 மீ/வினாடி². மாட்டின் மேல் மோதுமா? மோதினால் என்ன வேகம்?

54 × 5/18 = 15. இரண்டு கட்டமாக வெட்டினேன். முதல் 0.6 வினாடி வேகம் மாறாது, 9 மீ (செவ்வகம்). அப்புறம் நிற்க 225/10 = 22.5 மீ (முக்கோணம்). மொத்தம் 31.5, அதனால் மோதும். மோதும்போது: வி² = 225 − 2×5×21 = 15, வி = 3.87 மீ/வினாடி, மணிக்குக் கிட்டத்தட்ட 14 கி.மீ.

வடமராட்சி_வரைபு
வடிவாகச் செய்திருக்கிறீர்கள். 21ஐச் சரியாக எடுத்தது நல்லது, அதில் 30ஐப் போட்டு வர்க்கமூலத்துக்குள் எதிர்க் குறி வந்து முழிக்கிறவர்கள் கனபேர்.

பின்பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். மாடு இல்லாவிட்டால் வேன் நிற்க இன்னும் 1.5 மீ தேவை. ஓடவிட்ட படத்தைத் திருப்பி ஓட்டினால், வேன் ஓய்விலிருந்து 5 மீ/செக்கன்² ஆர்முடுகலில் 1.5 மீ போகிறது. வி² = 2×5×1.5 = 15.

பதினொண்ணு_பி
அட, ஒரே வரி. அப்போ முதல் கார் கணக்கையும் திருப்பி ஓட்டினா ½×4×25 = 50. டி = 8 போட வழியே இல்லை!